பழைய மியாட்டாவைக் கிளப் ரேஸுக்குத் தயார்செய்வது: முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலைப் பயிற்சி ஓட்டம் முடிந்ததும், பந்தயக் கார்களை நிறுத்திவைக்கும் பேடாக்கில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பானெட் திறந்து கிடக்கும் கார்களின் பக்கத்தில் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டால், ஹோஸ் வெடித்தது, வீல் பேரிங் போனது, பிரேக் பெடல் தரையைத் தொட்டது, கிளட்ச் எண்ணெய் ஒழுகியது என்றுதான் பதில் வரும். எஞ்சினில் பவர் போதவில்லை என்று யாரும் காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. பழைய காரைத் தயார்செய்ய உட்காரும்போது இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரை வேகமாக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் இருக்கும் வேலைகளைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதப்போகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட கார் மஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்றால்தான் தெரியும். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 1990 மாடலாக விற்பனைக்கு வந்தது. 1993 வரை 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். 1994 முதல் 1.8 லிட்டர். எடை ஏறத்தாழ ஒரு டன். நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், பின்சக்கர இயக்கம். எடை குறைவென்பதால் டயரும் பிரேக்கும் சீக்கிரம் தேயாது. உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அமெரிக்கக் கிளப் பந்தயங்களில் இந்த ஒரு காருக்கென்றே ‘ஸ்பெக் மியாட்டா’ என்று ஒரு வகுப்பு இருப்பதற்கு இவைதான் காரணம். இங்கே சொல்லப்போகும் வரிசை எந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் பொருந்தும், ஆனால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் மியாட்டாவிலிருந்து வருபவை. என் வீடு வட கரோலினாவில். ஓட்டுவது பெரும்பாலும் எல்லையைத் தாண்டி இருக்கும் வர்ஜீனியா இன்டர்நேஷனல் ரேஸ்வேயில் (சுருக்கமாக விஐஆர்).

முதலில் விதிப் புத்தகம், பிறகு ஸ்பேனர்

எந்த வகுப்பில் ஓட்டப்போகிறீர்கள் என்று முடிவுசெய்யாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். அமெரிக்காவில் 1944-இல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, நாசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன் இரண்டுமே ஸ்பெக் மியாட்டா பந்தயம் நடத்துகின்றன. 1990 முதல் 2005 வரை வந்த மியாட்டாக்கள் இதில் ஓடலாம். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்ட நினைத்தால் சாம்ப்கார், லெமன்ஸ் போன்ற நீண்டநேரப் பந்தயங்கள் இருக்கின்றன.

வகுப்பு மாறினால் செலவழிக்கும் இடமே மாறிவிடும். ஸ்பெக் மியாட்டாவில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆன்ட்டி-ரோல் பார் எல்லாம் குறிப்பிட்ட வகையைத்தான் மாட்ட வேண்டும். அது தெரியாமல் ஆசைப்பட்டு வேறு கம்பெனி ஷாக்கை வாங்கிப் போட்டால் அத்தனையும் கழற்றி விற்கத்தான் வேண்டிவரும். விதிப் புத்தகத்தை அச்செடுத்து, உங்கள் வகுப்புக்குரிய பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள். அனுமதி என்று வெளிப்படையாக எழுதாத எதற்கும் அனுமதி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலைக்கும் டிராக்குக்கும் சேர்த்து ஒரே கார் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்ப் பந்தயக் கூண்டு பற்றவைத்த காரைத் தினமும் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது. ஹெல்மெட் இல்லாத தலை அந்த இரும்புக் குழாயில் மோதினால் சாதாரண விபத்துகூடப் பெரிதாகிவிடும். போட்டியில்லாமல் டிராக்கில் ஓட்டிப் பழகும் டிராக் டேக்கு மட்டும் போவதென்றால், சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைகுழாயான ரோல் பார், நல்ல பிரேக், நல்ல டயர் போதும். பந்தயம் என்றால் முழுக்கப் பந்தயக் காராக மாற்றிவிடுங்கள். இரண்டுங்கெட்டானாக வைத்திருப்பது ஆபத்து.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே யாரோ கட்டி முடித்து, சில சீசன் ஓட்டிய பந்தயக் கார் விலைக்குக் கிடைத்தால், நீங்களே கட்டுவதைவிட அது மலிவாகத்தான் முடியும். கட்டும் வேலையே பிடித்திருந்தால் மட்டும் மேலே படியுங்கள். எனக்குப் பிடித்திருந்தது.

கார் வாங்கும்போது

பெயின்ட் மங்கியிருந்தாலும் சீட் கிழிந்திருந்தாலும் கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் தூக்கிப்போடத்தான் போகிறோம். துருவை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். மியாட்டாவில் துணிக்கூரை மீது விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் குழாய் வழியாக இறங்கும். அது இலைதழையால் அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிப் பகுதியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் கதவடிப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே உலோகமே இருக்காது. கூண்டின் காலை நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே துரு என்றால் முதலுக்கே மோசம்.

1990, 1991 மாடலில் இன்னொரு கண்டம் உண்டு. ஆரம்பக் காலக் கார்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் மூக்குப் பகுதி குட்டையானது. முன்னால் இருக்கும் புல்லியைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்தால், புல்லியைக் கிராங்க்கோடு பூட்டும் சாவிக்காடி தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பித்து, கடைசியில் கிராங்க்கே வீணாகிவிடும். 1991-இன் நடுவே நீளமான மூக்குக்கு மாறிவிட்டார்கள். டார்ச் அடித்துக் கிராங்க் புல்லியின் முகத்தைப் பாருங்கள். நான்கு காடி என்றால் குட்டை மூக்கு, எட்டு என்றால் நீளமானது. குட்டை மூக்குக் கார் என்பதற்காக ஓடிவிட வேண்டியதில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் புல்லி ஆடாமல் சுற்றுகிறதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டிவரும் என்று கணக்குப்போட்டு விலை பேசுங்கள்.

காலியாக்குதல்

பாட்டரி இணைப்பைக் கழற்றி, அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, ஏர்பேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். அது வெடிபொருள் என்ற நினைப்போடு கையாளுங்கள், முகத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். பிறகு சீட், கார்ப்பெட், துணிக்கூரை, ரேடியோ, ஏசி. ஸ்டியரிங் பூட்டையும் அகற்றிவிட வேண்டும், விதியே அப்படித்தான் சொல்கிறது. ஓடும்போது ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கார்ப்பெட்டுக்கு அடியில் தரையோடு ஒட்டியிருக்கும் தார் போன்ற ஒலித்தடுப்புப் பட்டை ஒரு பெரிய வேலை. இதைச் சூடுகாட்டிச் சுரண்டினால் கையெல்லாம் பிசின், நாள் கணக்கில் இழுக்கும். உலர் பனிக்கட்டிதான் வழி. கடையில் பத்துப் பவுண்டு வாங்கி, சுத்தியால் கோலிக்குண்டு அளவுக்கு உடைத்து, கனமான கையுறை போட்டுக்கொண்டு பட்டைமீது பரப்புங்கள். கதவு இரண்டும் திறந்தே இருக்கட்டும், ஆவியாவது கரியமில வாயு. ஐந்தாறு நிமிடத்தில் ‘டிக், டிக்’ என்று விரிசல் விடும் சத்தம் கேட்கும். பனியை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, குளிர்ந்த பட்டையை ரப்பர் சுத்தியால் தட்டினால் கண்ணாடித் துண்டுபோல உடைந்து பெயர்ந்துவரும். இரண்டு நாளாகச் சுரண்டி ஓய்ந்த தரையை ஒரு மதியத்தில் முடித்தேன்.

கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். எட்டு மாதம் கழித்து உங்களுக்கே நன்றி சொல்வீர்கள்.

கூண்டும் அதற்குள் உட்காரும் மனிதரும்

உயிர் இதில்தான் இருக்கிறது. இங்கே பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பலர் முதலில் கூண்டைக் கட்டிவிட்டு அப்புறம் சீட்டை நுழைக்கப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் சீட்டை வாங்கித் தற்காலிகமாக நிறுத்தி, முழு உடையும் ஹெல்மெட்டும் போட்டு உட்காருங்கள். கை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். கிளட்ச் முழுக்க அமுக்கும்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். அந்த நிலையில் தலை எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றித்தான் கூண்டு வர வேண்டும். ஹெல்மெட்டின் உச்சி கூண்டின் மேல்குழாய்க்குக் குறைந்தது இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும். கூண்டின் பின்வளைவுக்கும் முன்வளைவுக்கும் குறுக்கே ஒரு துடைப்பக் கட்டையை வைத்துத்தான் சோதனை அதிகாரி இதைப் பார்ப்பார். மியாட்டா சின்னக் கார். ஆறடிக்கு மேல் உயரம் இருப்பவர்கள் தரையை வெட்டி இறக்கிச் சீட்டை நிறுத்த வேண்டியிருக்கும்.

இந்த எடையுள்ள காருக்குப் பொதுவாகப் பயன்படும் குழாய் ஒன்றரை அங்குல வெளிவிட்டமும் 0.095 அங்குலச் சுவர்த்தடிமனும் கொண்டது. டிஓஎம் என்ற பெயரில் விற்பார்கள். சுவர்த்தடிமனை அளந்து பார்க்கக் குழாயில் சிறு துளை போட வேண்டும் என்பதும் விதி. குழாயின் கால் நிற்கும் இடத்தில் தரைத்தகடு மெல்லியது, அதனால் அகலமான தகட்டைப் பற்றவைத்து அதன்மேல் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் கார் உருளும்போது குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். சொந்தமாக வெல்டிங் தெரிந்தாலும், கூண்டை மட்டும் பந்தயக் கூண்டு கட்டியே பழகியவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் பற்று முழுச்சுற்றும் வந்திருக்கிறதா என்று கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கூரைப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத பாதிச்சுற்றை விட்டுவிடும் பட்டறைகள் உண்டு. எனக்கே அப்படி ஒரு பட்டறையிலிருந்து வந்த காரைத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய் நான்கு மூட்டை மறுபடி பற்றவைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வெல்டிங்குக்கு முன் காரின் கணினிப் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், முன்கண்ணாடியைத் தீப்பொறி படாமல் போர்த்திவிடுங்கள்.

பெல்ட் ஆறு முனை கொண்டதாக இருக்கட்டும். தோள்பட்டை பெல்ட் தோளிலிருந்து பின்னால் போகும்போது கிடைமட்டமாகவோ சற்றே, 20 பாகைக்கு மிகாமல், கீழ்நோக்கியோ போக வேண்டும். அதற்கும் கீழே இறக்கிக் கட்டினால் மோதலின்போது முதுகெலும்பை அமுக்கும். பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. அமெரிக்கத் தர அமைப்பான எஸ்எஃப்ஐயின் முத்திரை உள்ளது தயாரித்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் முத்திரை உள்ளது ஐந்து ஆண்டு. விலை கூடுதலானாலும் எஃப்ஐஏ பெல்ட்டே கணக்குக்கு லாபம். தள்ளுபடி விலை என்று வாங்குபவர்கள் பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் போன்ற கருவி கட்டாயம். ஹெல்மெட் ஸ்னெல் தரச்சான்று பெற்ற எஸ்ஏ வகையாக இருக்க வேண்டும், மோட்டார் சைக்கிளுக்கான எம் வகை கூடாது. எஸ்ஏ வகைக்குத்தான் தீத்தடுப்புச் சோதனை உண்டு. ஓட்டுநர் பக்க ஜன்னல் வலை, தலைக்கருகே வரும் குழாய்களில் எஸ்எஃப்ஐ 45.1 முத்திரையுள்ள கெட்டிப் பஞ்சு, தீயணைப்பு அமைப்பு இவையும் சேரும். தலைக்கருகே வீட்டில் குழாய்க்குச் சுற்றும் மென்பஞ்சைச் சுற்றினால் ஒரு பயனும் இல்லை, கண்ணுக்குத்தான் பஞ்சு.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு ஒத்திகை. பெல்ட் இறுக்கி, வலையை ஏற்றி, கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வெளியே வர எத்தனை வினாடி ஆகிறது என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பத்து வினாடிக்கு மேல் ஆனால் எது தடுக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். என் காரில் தடுத்தது ஸ்டியரிங்தான், கழற்றி எடுக்கும் வகைக்கு மாற்றினேன்.

ஆபத்தில் காரின் மின்சாரத்தை ஒரேயடியாகத் துண்டிக்கும் கில் ஸ்விட்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாட்டரியைத் துண்டித்தால் மட்டும் ஓடும் எஞ்சின் நிற்காது, ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டர் இணைப்பையும் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்சாக வாங்கி, எஞ்சின் ஓடும்போதே திருப்பிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மீட்புக்கு வருபவர் கண்ணில் படும்படி வெளியே நீல முக்கோணத்துக்குள் மின்னல் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுங்கள். மியாட்டாவில் பாட்டரி டிக்கியில் இருப்பதால் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிரேக்

என் முதல் டிராக் நாளில் சாதாரண பிரேக் எண்ணெயோடுதான் போனேன். விஐஆரின் முழுப்பாதை 3.27 மைல். ஓக் ட்ரீ வளைவிலிருந்து வெளியே வந்ததும் ஒரு நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் பலமாகப் பிரேக் பிடித்தாக வேண்டும். ஐந்தாவது சுற்றில் அங்கே பெடலை மிதித்தேன், கால் பஞ்சுக்குள் புதைவதுபோல இறங்கியது. இரண்டு மூன்று முறை வேகமாகப் பம்ப் செய்ததில் கொஞ்சம் பிடி கிடைத்து, புல்வெளியில் இறங்கி நின்றேன்.

நடந்தது இதுதான். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 4 தர எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியதும் அதற்கான தரவரம்பே 155 பாகைதான். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் சூடாகி எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். பந்தயத்துக்கென்று வரும் எண்ணெய்களின் கொதிநிலை 300 பாகைக்கு மேல், மோட்டுல் ஆர்பிஎஃப் 600-க்கு 312. ஒவ்வொரு பந்தய வார இறுதிக்கு முன்னும் குழாயிலிருந்து பழைய எண்ணெயை வெளியேற்றிவிடுங்கள். டாட் 5 என்று போட்டிருக்கும் சிலிகான் எண்ணெயை மட்டும் தொடாதீர்கள், 5.1 வேறு, 5 வேறு.

எண்ணெயை இப்படி வெளியேற்றும் ‘பிளீட்’ இரண்டு ஆள் வேலை. எனக்குத் துணை என் மகள். அவள் பெடலில், நான் சக்கரத்தடியில். “அமுக்கும்மா.” “அமுக்கிட்டேன்பா.” “பிடிச்சுக்கோ, நான் சொல்ற வரைக்கும் விடாதே.” நான் திருகைக் கால்சுற்று திறந்து, தெளிவான குழாயில் குமிழ் போவதைப் பார்த்து, மூடிய பிறகே “இப்ப விடு” என்பேன். மூடும் முன் விட்டால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்திலிருந்து கிட்டே வரும் வரிசையில் செய்யுங்கள். இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள இந்தக் காரில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன். நடுநடுவே எண்ணெய்த் தொட்டியைப் பாருங்கள், அது காலியானால் திரும்பவும் ஆரம்பத்திலிருந்துதான்.

சாலைக்கான பேட் டிராக்கில் தாங்காது. பந்தயப் பேட் வாங்கி, அதைப் பழக்க வேண்டும். புதுப் பேட்டோடு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30-க்கு இறக்குங்கள், முழுக்க நிற்காதீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தி எட்டுப் பத்து முறை. பிறகு பிரேக்கையே தொடாமல் ஒரு சுற்று ஆறவிடுங்கள். டிஸ்க்கில் நீலமும் சாம்பலும் கலந்த ஒரே சீரான படலம் தெரிந்தால் பேட் பிடித்துவிட்டது. பேடாக்குக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பிரேக் பெடலில் காலை வைத்துக்கொண்டும் நிற்காதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி, அடுத்த ஓட்டத்தில் ஸ்டியரிங் நடுங்கும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தால் போதும்.

1.6 காரின் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், 1.8-இல் 255. வகுப்பு விதி அனுமதித்தால் பெரியதற்கு மாறலாம். அதைவிட முன்பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்று கொண்டுபோகும் மூன்று அங்குலக் குழாய் மலிவு, பலனும் அதிகம்.

சூடு

பழைய எஞ்சினைக் கொல்வது வேகமல்ல, சூடு. மியாட்டாவில் இதற்கு ஒரு பிறவிக் காரணம் இருக்கிறது. இந்த எஞ்சின் முதலில் முன்சக்கர இயக்கக் காரில் குறுக்காக வைக்க வடிவமைக்கப்பட்டது. அங்கே நீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். மியாட்டாவுக்காக நெடுக்காகத் திருப்பியபோது, நீர் வெளியேறும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீர் நுழைவதும் முன்னால், போவதும் முன்னால். பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. வெளியேறும் வழியைப் பின்பக்கத்துக்கு மாற்றும் வேலைக்கு ‘கூலன்ட் ரீரூட்’ என்று பெயர். டிராக் டே காருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பந்தயக் காரில் உங்கள் வகுப்பு இதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அது இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது நிறைய. ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பாருங்கள். புதிதில் கறுப்பாக இருக்கும் பிளாஸ்டிக், வயதானதும் பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வந்துவிட்டால் விரல் நகத்தால் அழுத்தினாலே நொறுங்கும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். முழு அலுமினிய ரேடியேட்டர் போடுங்கள். பம்பர் வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளிகளை அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சும் வைத்து அடையுங்கள், காற்று சுற்றிக்கொண்டு போகாமல் ரேடியேட்டருக்குள்தான் போக வேண்டும். எஞ்சினுக்குக் கீழே இருக்கும் அடித்தட்டைப் பழைய சொந்தக்காரர் கழற்றி எறிந்திருந்தால் தேடி வாங்கி மாட்டுங்கள். அது இல்லாமல் வேகமாகப் போகும்போதுதான் இந்தக் கார் கூடுதலாகச் சூடாகும்.

எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். எஞ்சினுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஹீட்டருக்குப் போகும் ஹோஸ்தான் எல்லாரும் மறப்பது. கை நுழையாத இடம், அதனாலேயே முப்பது வருடமாக அப்படியே இருக்கும்.

காரோடு வந்த வெப்பமானியை நம்பாதீர்கள். அதன் முள் பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்தது, அது நகர ஆரம்பிக்கும்போது எஞ்சினின் ஹெட் வளைய ஆரம்பித்திருக்கும். தனியாக ஒரு மானியும், 110 பாகைக்கு எரியும்படி கண்ணுக்கு நேரே பெரிய சிவப்பு விளக்கும் வையுங்கள். 1990 முதல் 1994 வரை வந்த கார்களில் எண்ணெய் அழுத்தமானி உண்மையானது, 1995-லிருந்து வெறும் ஸ்விட்ச்தான், அழுத்தம் பாதியானாலும் முள் அசையாது. பிந்தைய கார் என்றால் இதற்கும் தனி மானி வேண்டும்.

டிராக்கில் சிந்தினால் வழுக்கும் என்பதால் கிளைக்கால் கலந்த கூலன்ட்டைப் பல கிளப்கள் அனுமதிப்பதில்லை. வடிநீரும் அரிப்புத் தடுப்பானும் போதும். குளிர்காலத்தில் உறையும் ஊர் என்றால் சீசன் முடிந்ததும் வடித்துவிட வேண்டும்.

எஞ்சின், கியர், டிஃபரென்ஷியல்

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பக்க சீல் எல்லாவற்றையும் வேலையோடு வேலையாக ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ஹெட்டின் பின்முனையில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங் காய்ந்து எண்ணெய் கசியும். அது கீழே வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுவதால் கிராங்க்கின் பின்சீல் போய்விட்டது என்று நினைத்துக் கியர்பாக்ஸையே இறக்கியவர்கள் இருக்கிறார்கள். முதலில் அந்தச் சின்ன வளையத்தை மாற்றிப் பாருங்கள்.

எண்ணெய் மட்டம் எப்போதும் மேல்கோட்டில் இருக்கட்டும். நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சக் கூடாது. எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் இந்தக் காரின் பழைய நோய். புதிதாக மாட்டுங்கள், ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். 1.6 கார்களின் ஆறு அங்குல டிஃபரென்ஷியலைவிட 1994-லிருந்து வந்த ஏழு அங்குலம் உறுதியானது. பவர் கூட்டும் வேலை? இந்த ஆண்டு வேண்டாம்.

சஸ்பென்ஷனும் சக்கரமும்

ஷாக், ஸ்பிரிங் வகுப்பு சொல்வதைப் போடுங்கள். ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் முனை எல்லாம் முதலில் புதிதாக வேண்டும். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண்.

என் காரில் நான் தொடங்கிய அளவு: முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, மைனஸ் என்றால் உள்நோக்கி) மைனஸ் 3 பாகை, பின் மைனஸ் இரண்டரை, முன்சக்கர டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின்னால் மிகச் சிறிதளவு உள்நோக்கி. 15 அங்குல வீல், 205/50 டயர். ஓட்டம் முடிந்து உள்ளே வந்த உடனே டயரில் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் மூன்றிலும் ஊசிமுனை வெப்பமானியைக் குத்தி அளந்து எழுதுங்கள். வெளிப்பக்கம் அதிகச் சூடு என்றால் கேம்பர் போதவில்லை. நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். அப்புறம் நான்கு தராசு வைத்துக் கார்னர் வெயிட், அதாவது ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடையைப் பாருங்கள், ஓட்டுநர் எடையும் சீட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்க முன்சக்கரமும் மறுபக்கப் பின்சக்கரமும் சேர்ந்த மூலைவிட்ட எடை மொத்தத்தில் 50 சதவீதத்துக்கு வந்தால் இடம், வலம் இரண்டு வளைவிலும் கார் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

முன்வீல் ஹப்தான் பந்தய மியாட்டாவின் பலவீனமான இடம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஜாக்கில் ஏற்றி, கடிகார முகத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆட்டம் இல்லாவிட்டாலும் சக்கரத்தைச் சுழற்றி, ஸ்பிரிங்கில் விரலை வையுங்கள். பேரிங் கரடுமுரடானால் அதிர்வு விரலுக்குத் தெரியும், காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே. வீல் ஸ்டட்டை நீளமான, பலமான வகைக்கு மாற்றுங்கள். நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து 80 பவுண்டு-அடி, அதாவது 108 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள், முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி பாருங்கள்.

சோதனையும் லைசென்சும்

பந்தயத்துக்கு முன் கிளப்பின் சோதனை அதிகாரி காரைப் பார்த்துக் கூண்டின் படத்தோடு லாக்புக் என்ற பதிவேட்டைக் கொடுப்பார். முடிந்தால் கூண்டு பற்றவைத்து முடிந்த நிலையில், பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அப்போது சொல்லும் குறையைச் சரிசெய்வது எளிது. முன்னும் பின்னும் இழுக்கும் கொக்கியை மறக்காதீர்கள், சோதனையில் நிறையப் பேர் சிக்கும் இடம் அது.

ஓட்டுநருக்கும் தயாரிப்பு உண்டு. முதலில் நாலைந்து டிராக் நாள், பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து. பிறகு மருத்துவப் பரிசோதனை, பந்தயப் பள்ளி, புதியவருக்கான அனுமதி. காரை முழுக்கக் கட்டி முடிக்கும் வரை காத்திருக்காமல் வேறு காரிலாவது டிராக் நாளுக்குப் போய்க்கொண்டே இருங்கள். காருக்குச் செலவழிக்க நினைத்திருக்கும் தொகையில் கால்பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்குவது என் கணக்கு.

வார இறுதி

பெட்டியில் இருக்க வேண்டியவை: முன்ஹப் இரண்டு, பேட் ஒரு செட், டிஸ்க் இரண்டு, பிரேக் எண்ணெய் மூன்று பாட்டில், கிளட்ச் ஸ்லேவ், ஆல்டர்னேட்டர் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், ஸ்டட், மெயின் ரிலே, இக்னிஷன் காயில். இதோடு ஜாக், ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், இருபது லிட்டர் தண்ணீர், ஒரு குடை. வர்ஜீனியாவின் ஜூலை வெயில் சென்னை வெயிலுக்குச் சளைத்ததல்ல, ஓட்டுநருக்கும் கூலன்ட் வேண்டும், அதாவது குடிக்கத் தண்ணீர்.

முக்கியமான போல்ட் ஒவ்வொன்றையும் இறுக்கியதும் பெயின்ட் பேனாவால் நட்டிலிருந்து தகடு வரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். அடுத்த முறை காருக்கு அடியில் படுக்கும்போது கோடு உடைந்திருந்தால் அந்த நட் நகர்ந்திருக்கிறது. ரெஞ்ச் வேண்டாம், பார்வையே போதும்.

ஓட்டம் முடிந்ததும் டிரெய்லரில் ஏற்றும் முன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுகிறேன். கடந்த அக்டோபர் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “ஞாயிறு, 14 சுற்று. நீர் 96 பாகை. இடது முன் ஹப் லேசான கரகரப்பு, மாற்ற வேண்டும். பேட் பாதி மிச்சம். வலது பின் கோடு ஒன்று உடைந்திருக்கிறது, மேல் ஆர்ம். இறுக்கி மறுபடி கோடு போட்டாயிற்று.”